கணக்கு சாரைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

1986இல் பத்தாவது முடித்தவன்:

போன வாரம் கீரமங்கலம் பக்கத்தில் சாருக்குப் பதினாறாம் நாள் காரியம். சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரமாகியும் யாரும் கிளம்பவில்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு கதை. அதில் பாதி எனக்குத் தெரியாதது. மறந்துபோவதற்குள் எழுதிவைப்போம். நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வகுப்பில் பாதிப் பேரிடம் ஜாமெட்ரி பாக்ஸ் கிடையாது. சார் மேசை டிராயரில் ஆறு காம்பஸ் வைத்திருப்பார். எல்லாமே மூக்கு வளைந்தவை. வட்டம் போட்டால் தொடங்கிய இடத்துக்கு வந்து சேராது. ஒருநாள் “காம்பஸ் சரியில்லை சார்” என்று நோட்டைத் தள்ளிவிட்டேன். சார் ஒன்றும் பேசவில்லை. மூலையில் கிடந்த சாக்கிலிருந்து சணல் ஒன்றை உருவினார். ஒரு முனையில் சாக்பீஸைக் கட்டி, மறு முனையைக் கட்டைவிரலால் கரும்பலகையில் அழுத்திக்கொண்டு ஒரே சுற்று. அப்படி ஒரு வட்டம்! “கிணறு வெட்டுறவன் ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கிட்டா வட்டம் போடுறான்?” என்றார். இப்போது எங்கள் பக்கம் கிணறு வெட்டுவதே நின்றுவிட்டது, எல்லாம் போர்வெல்தான். அது வேறு கதை.

அறிவொளித் தொண்டராக இருந்தவள்:

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது எனக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். சார்தான் வந்து திண்ணையில் உட்கார்ந்து, அப்பாவிடம் இரண்டு டம்ளர் காபி நேரம் பேசி, என்னைத் தொண்டராகச் சேர்த்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்கு வகுப்பு. பகலெல்லாம் நாற்று நட்டு, வந்து உலை வைத்து இறக்கி, பிள்ளைகளைத் தூங்கப்போட்டுவிட்டு வருகிற பெண்கள். அரிக்கேன் வெளிச்சத்தில் ‘அ’வைச் சுழிப்பதற்குள் தலை தொங்கிவிடும்.

அப்புறம் சைக்கிள் வந்தது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் பழக வேண்டும் என்று முனைந்து நின்றார். சைக்கிளுக்கு எங்கே போவது? லேடீஸ் சைக்கிள் கிடைக்கவில்லை. வாடகைக் கடையில் மணிக்கணக்குக்கு எடுத்தது எல்லாம் பார் வைத்த ஆம்பளை சைக்கிள். சேலையோடு அதில் எப்படி ஏறுவது? யாரும் முன்வரவில்லை. சார் ஊர்ப் பெண்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் தன் வீட்டம்மாவைக் கூட்டிவந்தார். பள்ளிக்கூட மைதானம், சாயங்காலம் ஐந்து மணி. டீக்கடையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வெளியே வந்து நின்றுவிட்டார்கள். “வாத்தியாரு சர்க்கஸ் பழக்குறாரு” என்று ஒரு குரல். சார் வேட்டியை மடித்துக்கட்டிக் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

நாலாவது நாள் அந்த அம்மா டீக்கடையைத் தாண்டித் தனியாகப் போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை. திருப்பத் தெரியாது! நேரே போய்க்கொண்டே இருந்திருக்கிறார்கள். கண்மாய் மடைக்குப் பக்கத்தில், கருவேலம் புதரில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் மைதானத்தில் பதினேழு பெண்கள் இருந்தோம். பிற்பாடு லேடீஸ் சைக்கிள் கிடைத்தபோதுகூட நிறையப் பேர் பார் வைத்ததைத்தான் கேட்டார்கள். பிள்ளையை முன்னால் உட்காரவைக்கலாம் இல்லையா.

சாரின் மகள்:

அக்கா எழுதியதில் ஒரு திருத்தம். அப்பா பின்னால் ஓடியது முதல் இரண்டு நாள்தான். இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் கேரியரைப் பிடித்தது நான், எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். ‘திருப்பு’ என்று சொல்லிக்கொடுக்க மறந்ததும் நான்தான்.

வீட்டில் அப்பா ரொம்பப் பேசமாட்டார். காலையில் காய் நறுக்குவது அவர் வேலை. வெண்டைக்காய் எல்லாம் ஒரே அளவில் விழும், அம்மா கேலி செய்வார். 2015இல் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. சோறு ஊட்டுவது, வேட்டி சேலை துவைப்பது எதற்கும் ஆள் வைக்க ஒப்புக்கொள்ளவில்லை. நான் வந்து பார்க்கும்போது அவர் அம்மாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பார். மூன்று கால் பின்னல் அவருக்கு வசப்படவே இல்லை. பாதியில் ஒரு கால் காணாமல்போய் இரண்டு காலாக முடியும். வகிடும் கோணல். “முப்பது வருசம் நேர்கோடு போட்டியளே, இது என்ன?” என்று அம்மா கேட்பார், வாய் குழறும், ஆனால் கேட்பார். அவர் சீப்பின் காம்பை வைத்து மறுபடியும் முதலிலிருந்து கோடு இழுப்பார். ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம்.

இப்போது அம்மாவுக்கு நான் பின்னுகிறேன். வகிடு நேராக இருந்தால் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

1994 பத்தாவது, பி பிரிவு:

எல்லோரும் நல்லதையே எழுதுகிறீர்கள். எனக்கு அவரிடம் வாங்கிய அடிதான் முதலில் ஞாபகம் வருகிறது. பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதினேன் என்று மர ஸ்கேலின் ஓரத்தால் விரல் முட்டியில் நாலு அடி. உண்மையில் அவன்தான் என்னைப் பார்த்து எழுதினான். மறுநாள் தெரிந்ததும் வகுப்பில் எழுந்து நின்று, “நேத்து நான் போட்ட கணக்கு தப்பு” என்றார். அவ்வளவுதான். பெரிய மனிதர்தான், ஆனாலும் அடி அடிதான். காரியத்துக்கு வந்தேன், சாப்பிட்டேன். இதையும் யாராவது எழுத வேண்டும் என்று தோன்றியது.

சாரின் மகள்:

எழுதியது நல்லது தம்பி. அந்த ஸ்கேல் எனக்கும் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரன்:

நான் சாரிடம் படித்தவன் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. பொழுது விடிந்து பார்த்தால் தோப்பில் நிற்கிற மரத்தை எண்ணிவிடலாம், விழுந்ததை எண்ண முடியாது. கரண்ட் இல்லை, போன் இல்லை. சில நாளில் நிவாரணம் அறிவித்தார்கள். தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500. எண்ணிக்கையில்தான் சண்டை. மரம் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே கிடக்கிறது, எண்ணுகிறவன் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்குச் சொல்கிறான்.

சார் வந்தார். முதல் நாள் சாக்பீஸால் ஒவ்வொரு அடிமரத்திலும் நம்பர் போட்டார். ராத்திரித் தூறலில் அழிந்துவிட்டது. மறுநாள் ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, மட்டையை நசுக்கிப் பிரஷ் செய்துகொண்டு வந்தார். எழுபதை நெருங்கிய மனிதர், மட்டைக் குவியலுக்குள் குனிந்து குனிந்து போய் எழுதினார். தெருவில் பதினோரு தோப்பு. ஒவ்வொருவருக்கும் மனு எழுதி, மர எண் பட்டியலைப் பின்னால் இணைத்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் எண்ணிக்கைத் தகராறு வரவில்லை.

என் கொல்லையில் தென்னை 42. கடைசியாகப் பலா. “பலாவுக்கு வேற கணக்கு சார்” என்றேன். “வரிசையில விழுந்திருக்குல்ல?” என்று 43 போட்டார். மரவாடிக்காரர் இரண்டு முறை வந்து கேட்டார், அந்த அடிமரத்தை நான் கொடுக்கவில்லை. கிணற்றடியில் கிடக்கிறது. சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்குச் சார் அதில் உட்கார்ந்துதான் பாடம் சொல்வார். சுண்ணாம்பு எப்போதோ கரைந்துவிட்டது. புயலைப் பார்க்காத என் பேத்தி நேற்று, “தாத்தா, உங்க துண்டை நாப்பத்திமூணு மேல காயப்போட்டிருக்கேன்” என்கிறாள்.