செலக்ட் கிளப்பா, ரெக்கா? மூன்றாம் வகுப்பு மகள், டாலஸ் பக்கம்

நிலா அம்மா (ஃபிரிஸ்கோ):

வணக்கம். மகள் 2016 நவம்பரில் பிறந்தவள், இப்போது மூன்றாம் வகுப்பு. நான்கு வயதிலிருந்து ரெக் லீக்கில் (யாரும் சேரக்கூடிய பொழுதுபோக்கு லீக்) சாக்கர் விளையாடுகிறாள். டீமில் பந்துக்கு முதலில் ஓடுவது அவள்தான், வீட்டுக்கு வந்தாலும் இருட்டும் வரை காராஜ் கதவில் உதைத்துக்கொண்டிருப்பாள். போன மாதம் ஒரு மேட்ச் முடிந்ததும் ட்ரைஅவுட் வைத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் செலக்ட் கிளப் ஒன்றின் கோச் என்னிடம் வந்து, ட்ரைஅவுட்டுக்குக் கூட்டி வாருங்கள் என்றார். அந்த கிளப்பின் வெப்சைட்டில் ஈசிஎன்எல் (நாடு தழுவிய உயர்மட்ட யூத் லீக்) பேட்ஜ் பெரிதாக இருக்கிறது. கட்டணம், யூனிஃபார்ம், டோர்னமென்ட் எல்லாம் சேர்த்தால் வருடத்துக்கு மூவாயிரம் டாலரைத் தாண்டும்போல் தெரிகிறது. வாரம் மூன்று நாள் ப்ராக்டிஸ், ஞாயிற்றுக்கிழமை மேட்ச். தமிழ்ப் பள்ளியை என்ன செய்வது என்று கணவர் கேட்கிறார். இப்போது சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்று எனக்குக் கவலை. பிள்ளைகளை அனுப்பிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஆலன் வாசி:

ஒன்பது வயதுக்கு ரெக் போதும். மிச்சமாகும் பணத்தில் கோடையில் ஊருக்குப் போய்வரலாம். எங்கள் பையன் ஆறாம் வகுப்பில்தான் செலக்ட் போனான், எந்தக் குறையும் வரவில்லை.

பிளேனோ அப்பா:

நிலா அம்மா, எங்கள் வீட்டில் மூத்தவள் யு-16 (16 வயதுக்குட்பட்டோர்), சின்னவன் யு-12, இருவரும் செலக்ட்தான் ஆடுகிறார்கள். அதனால் செலக்ட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பந்தை விட்டுப் பிரியாத பெண் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தன்னைப் போலவே ஆசையுள்ள பிள்ளைகளோடு ஆடக் கிடைப்பது பெரிய விஷயம், ரெக்கில் அது எப்போதும் அமையாது. ஆனால் பேட்ஜைப் பார்த்து மட்டும் சேர்த்துவிடாதீர்கள்.

ஈசிஎன்எல் யு-13இல்தான் தொடங்குகிறது. உங்கள் மகள் அங்கே வருவதற்குள் மூன்று சீசன் ஓடிவிடும். அப்போதும் ஒவ்வொரு வயதிலும் மேலே இருக்கும் டீமுக்குத்தான் அந்த லீக். பெரிய கிளப்பில் ஒரே வயதில் நாலைந்து டீம் இருக்கும். கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, கோச்தான் வேறு. வெப்சைட்டில் படம் போட்டிருக்கும் கோச் உங்கள் மகளின் டீமுக்கு வருவாரா என்று நேராகக் கேளுங்கள்.

லீக் பெயர்களும் நிலையாக இருப்பதில்லை. தேசிய சாக்கர் அமைப்பான யுஎஸ் சாக்கர் 2007இல் தொடங்கிய டெவலப்மென்ட் அகாடமி லீக்தான் உச்சம் என்று எல்லாரும் பேசிய காலம் உண்டு. 2017இல் பெண்களுக்கும் கொண்டுவந்தார்கள். 2020 ஏப்ரலில் மொத்தமாக மூடிவிட்டார்கள். அந்த வருடமே பையன்களுக்கு எம்எல்எஸ் நெக்ஸ்ட், பெண்களுக்கு கேர்ள்ஸ் அகாடமி என்று புதிதாக வந்தன. மூன்று வருடம் கழித்து எது இருக்கும் என்று நினைத்து ஒன்பது வயதுப் பிள்ளைக்கு முடிவெடுக்க வேண்டியதில்லை.

நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ட்ரைஅவுட்டுக்கு முன்னால் சாதாரண வாரநாள் மாலை ஒன்றில், சொல்லாமல் கொள்ளாமல் போய், அந்தக் குறிப்பிட்ட கோச்சின் ப்ராக்டிஸை வேலி ஓரமாக நின்று முழுதாகப் பாருங்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று முறைக்குக் காத்திருக்கிறார்களா, ஆளுக்கொரு பந்து காலில் இருக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். அப்புறம் ஒரு பிள்ளை எதிராளியைத் தாண்டப் பார்த்துப் பந்தை விட்டுவிடும் நேரத்துக்குக் காத்திருங்கள். என் சின்னவனின் கோச் அந்த நேரத்தில் கத்த மாட்டார். தண்ணீர் குடிக்க வரும்போது தோளைத் தொட்டு, "இடது காலால் இழுத்திருந்தால் போயிருப்பாய், அடுத்த முறை செய்" என்பார், அவ்வளவுதான். பையன் அடுத்த முறையும் துணிந்து செய்வான். என் மூத்த மகள் முன்பு இருந்த ஒரு கிளப்பில் (பெயர் வேண்டாம்) கோச் அந்த நிமிடமே வெளியே கூப்பிட்டு உட்கார வைப்பார். சில மாதங்களில் அவள் பந்து வந்த நொடியே யாருக்காவது தள்ளிவிடப் பழகிவிட்டாள். அதை மாற்றப் புது கோச்சுக்கு ஒரு சீசனுக்கு மேல் ஆயிற்று.

மேட்சும் ஒன்று பாருங்கள். யு-10இல் ஏழுக்கு ஏழு ஆட்டம். கீப்பர் கையில் பந்து வந்ததும் எதிர் டீம் பில்ட்-அவுட் கோட்டுக்கு (பெனால்டி பாக்ஸுக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில் போடும் கோடு) பின்னால் போய்விட வேண்டும், கீப்பர் அதைக் கையிலிருந்து ஓங்கி உதைக்கவும் கூடாது. பிள்ளைகள் பின்னாலிருந்து பாஸ் செய்து பழகத்தான் இந்த விதி. அப்படியும் "தூக்கி அடி, தூக்கி அடி" என்று கத்தும் கோச் என்றால் அவருக்கு அன்றைய ஸ்கோர்தான் முக்கியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாடும் நேரத்தைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஏஒய்எஸ்ஓ போன்ற ரெக் அமைப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது பாதி ஆட்டம் என்பது விதி. செலக்டில் அப்படிக் கட்டாயம் கிடையாது. பெற்றோர் நாற்காலி போட்டு உட்காரும் பக்கம் போய், "போன வாரம் யார் அதிகம் வெளியே இருந்தார்கள்?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இது உங்களுக்கு நல்ல செய்தி. இதுவரை வயது கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அதனால் நவம்பர் பிள்ளை எப்போதும் தன் குழுவில் சின்னவள், மேல் வகுப்புப் பிள்ளைகளோடு மோத வேண்டியிருந்தது. யுஎஸ் யூத் சாக்கர், யுஎஸ் கிளப் சாக்கர், ஏஒய்எஸ்ஓ என்ற மூன்று அமைப்புகளும் 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்று மாற்றுகின்றன. அதன்படி உங்கள் மகள் வரும் சீசனிலும் யு-10தான். ஒன்பதுக்கு ஒன்பது ஆட்டத்துக்குப் போகாமல் இன்னொரு வருடம் ஏழுக்கு ஏழு ஆடுவாள், தன் வகுப்புத் தோழிகளோடு, அதுவும் மூத்தவர்களில் ஒருத்தியாக. பின்தங்கிவிடுவாள் என்ற கவலைக்கு இந்த வருடம் இடமே இல்லை.

செலவைப் பொறுத்தவரை வெப்சைட்டில் போடாததையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பல டோர்னமென்ட்களில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும், இல்லாவிட்டால் டீமையே சேர்க்க மாட்டார்கள். மாலை ஐந்தரைக்கு டால்வே நெடுஞ்சாலையில் நகரும் வேகம் உங்களுக்கே தெரியும். என் மகள் பாதி ஹோம்வொர்க்கைக் காரில்தான் செய்தாள், தயிர்சாதமும் காரில்தான். வீட்டிலிருந்து இருபது நிமிடத்துக்குள் இருக்கும் நல்ல கோச், ஐம்பது நிமிடத் தொலைவில் இருக்கும் பெரிய பெயரை விட மேல் என்பது என் கருத்து.

கேட்டி அத்தை (ஹூஸ்டன்):

பிளேனோ அப்பா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். யாராவது இந்த வயதில் கல்லூரி ஸ்காலர்ஷிப் பற்றிப் பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஐவி லீகிலும், கல்லூரி விளையாட்டில் மூன்றாம் நிலையான டிவிஷன் 3இலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் 1 கோச்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15க்கு முன்னால் பிள்ளையிடம் பேசவே கூடாது. என் மகள் இப்போது டிவிஷன் 3இல் ஆடுகிறாள், காசு ஒன்றும் வரவில்லை, ஆனால் அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள்.

முழங்காலைப் பற்றியும் கேளுங்கள். ஏசிஎல் (முழங்காலின் தசைநார்) கிழிவது பதின்பருவப் பெண்களுக்குப் பையன்களை விட அதிகம். ஃபிஃபா 11+ மாதிரி முறையான வார்ம்-அப் செய்தால் காயம் குறைகிறது, சின்னப் பிள்ளைகளுக்கென்றே 11+ கிட்ஸ் இருக்கிறது. ப்ராக்டிஸ் பார்க்கப் போகும்போது அப்படி எதுவும் செய்கிறார்களா, அல்லது மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டு நேராக ஷூட்டிங்கா என்று பாருங்கள். அப்புறம், பத்து வயது வரை ஹெட்டிங் கூடாது என்பது யுஎஸ் சாக்கர் விதி. ப்ராக்டிஸில் தலையால் முட்டச் சொல்கிறார் என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

நிலா அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வயது கணக்கு மாறுவது எனக்குத் தெரியவே தெரியாது, அதைப் படித்ததும் பாதிப் பாரம் இறங்கியது. பிளேனோ அண்ணா, உங்களிடம் இரண்டு கேள்வி. ஆஃபர் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்கள், அது வழக்கம்தானா? தமிழ்ப் பள்ளியை எப்படிச் சமாளித்தீர்கள்?

பிளேனோ அப்பா:

கெடு வைப்பது வழக்கம்தான் அம்மா. அதனால்தான் ட்ரைஅவுட்டுக்கு முன்னாலேயே போய்ப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு வாரம் டீமோடு சும்மா ப்ராக்டிஸ் செய்யட்டுமா என்று கேளுங்கள், நல்ல கோச் சரி என்பார். கையெழுத்துப் போட்டால் வருடம் முழுவதற்கும் கட்டணம் உங்கள் பொறுப்பு. நடுவில் நின்றால் என்ன திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை போதாது.

தமிழ்ப் பள்ளிக்கு நாங்கள் சீசன் தொடங்கும்போதே டீம் மேனேஜரிடம் நேரத்தைச் சொல்லிவிடுவோம். மேட்ச் நேரம் லீக் போடுவது, எல்லா வாரமும் ஒத்துவராது. மோதும் வாரத்தில் ஆசிரியை பாடத்தை அனுப்பிவிடுவார், மகள் புதன்கிழமை முடித்துக் கொடுப்பாள். இதற்கே முகம் சுளிக்கும் கோச் என்றால் எனக்கு வேண்டாம். பெண்ணிடமும் கேட்டுவிடுங்கள், மூன்று மாலை போனால் தோழிகள் வீட்டுக்குப் போகும் நேரம் குறையும், அது பரவாயில்லையா என்று. ப்ராக்டிஸ் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள், அந்த கோச்சைத் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள்.