450 லிட்டர் ரீஃப் டேங்கில் குள்ள லயன்ஃபிஷ்: கூட எதை விடலாம்?

கேள்வி:
கடல்நீர்ப் பவளத் தொட்டி, பெரும்பாலும் மென்பவளங்கள். 2 கோமாளி மீன், 1 மஞ்சள் டேங் மீன், 2 கிளீனர் இறால் இருக்கு. ஃபஸி லயன்ஃபிஷ் (குள்ள லயன் வகை) ஒண்ணு விட்டா இறால் தப்புமா? கூட இன்னொரு வேட்டை மீன் சேருமா?

பதில் 1:
இறாலை மறந்துடுங்க. லயன் பவளத்தைச் சீண்டாது, ஆனா வாய்க்குள்ள நுழையுறது எல்லாமே அதுக்கு இரை. மீனோட நீளத்தை மட்டும் பார்க்காதீங்க, உடம்போட உயரம் லயன் வாயைவிடப் பெருசா இருக்கணும். டேங் மீன் பத்திரம், குட்டிக் கோமாளின்னா போச்சு. துணைக்கு மரைன் பெட்டாங்கிற வேட்டை மீன் நல்ல தேர்வு. சாது, ஆனா ஒளிய ஒரு குகை வேணும். ட்ரிகர் மீன் வேண்டவே வேண்டாம், லயனோட துடுப்பைக் கடிச்சுப் பிய்ச்சுடும்.

பதில் 2:
தோழர் சொன்னது சரி. இரையா கோல்ட்ஃபிஷ் போட்டுப் பழக்காதீங்க: அதுல இருக்கிற தயாமினேஸ்ங்கிற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். முதல்ல உயிர் இறால். அப்புறம் உறைந்த இறால் துண்டை முழுசா உருகவிட்டு, குச்சி நுனியில செருகி, லயன் முகத்துக்கு முன்னாடி மெதுவா அசைங்க. வாரம் 3 தடவை போதும். அதுக்கு முன்னாடி எதிர்மூலையில நோரியை (காய்ந்த கடற்பாசித் தாள்) கிளிப்புல மாட்டிடுங்க, இல்லேன்னா டேங் வந்து பிடுங்கிடும்.

பதில் 3:
லயன் முள்ளுல விஷம் உண்டு. குத்தினா தாங்குற சூட்டுல, அதிகபட்சம் 45 டிகிரி வெந்நீர்ல, 30 முதல் 90 நிமிஷம் கையை வச்சிட்டு டாக்டரைப் பாருங்க.