ஐ5-3470 கம்ப்யூட்டரில் இன்டெல் வீடியோ டிரைவர் ஏற மறுக்கிறது, திரை 1024-லேயே நிற்கிறது. உதவி தேவை

லிந்தாங் டியூஷன்
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலேயே டியூஷன் நடத்துகிறேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) பிள்ளைகளுக்குப் பாட வீடியோக்களைப் பெரிய திரையில் காட்டலாம் என்று ஈப்போவில் ஒரு கடையில் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் வாங்கினேன். இன்டெல் ஐ5-3470, 8 ஜிபி ரேம், விண்டோஸ் 10. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை.

திரை 1920×1080. ஆனால் 1024×768-க்கு மேல் தேர்வே வரவில்லை. எழுத்தெல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்டது போல் அகலமாகத் தெரிகிறது, வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. டிவைஸ் மேனேஜரில் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று இருக்கிறது. வீடியோ வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளான டிரைவரில், இன்டெல்லின் புதியதை இறக்கினேன், இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்றது. சரி என்று 15.33 பதிப்பு வரிசையில் பழையதைத் தேடி எடுத்தால், குறைந்தபட்சத் தகுதி இல்லை என்கிறது. கடைக்காரரோ, "ஃபார்மெட் பண்ணித்தானே கொடுத்தோம்" என்று முடித்துக்கொண்டார். என்ன செய்யலாம்?

செம்பனை நிழல்
அக்கா, பழைய செட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஒரு சின்ன கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிச் சொருகிவிடுங்கள். இல்லையென்றால் டிரைவரைத் தானே தேடிப் போட்டுத் தரும் இலவச மென்பொருள்கள் நிறைய இருக்கின்றன, அதில் ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

கங்சார் கம்பி
தம்பி, இரண்டுமே வேண்டாம். ஆபீஸ் கம்ப்யூட்டர் பெட்டி பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும், சாதாரண கார்டு உள்ளே போகாது. அந்த இலவச மென்பொருள்கள் ஒரு டிரைவரைப் போட்டுவிட்டு வேண்டாத நாலு சாமான்களையும் கூடவே இறக்கிவிடும்.

அக்கா, உங்கள் பிராசசருக்குள்ளேயே வீடியோ வன்பொருள் இருக்கிறது. ஐ5-3470 என்பது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை, அதில் எச்டி கிராஃபிக்ஸ் 2500 உண்டு. பெயரின் கடைசியில் ‘எஃப்’ வரும் இன்டெல் பிராசசர்கள் போன்ற சிலவற்றுக்குத்தான் அப்படி உள்ளேயே வீடியோ கிடையாது. இப்போது ஓடுவது விண்டோஸ் ஒப்புக்குப் போட்டிருக்கும் டிரைவர். படம் வரும், அவ்வளவுதான். சுருக்கி வைத்த வீடியோவைப் பிரித்துப் படமாக்கும் வேலை முழுக்கப் பிராசசர் தலையில் விழுகிறது. புதிய டிரைவர் மறுத்ததில் வியப்பில்லை, இன்டெல் மூன்றாம் தலைமுறையை அதிலிருந்து எப்போதோ எடுத்துவிட்டது. ஆனால் 15.33 உங்களுக்கு உரியதுதான். அதுவும் ஏன் மறுக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டு விவரம் வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரை வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் போனால் இரண்டு எண்கள் தெரியும். அப்புறம் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் பக்கத்தில் ரேம் வரியையும் ‘சிஸ்டம் டைப்’ வரியையும் அப்படியே எழுதுங்கள்.

லிந்தாங் டியூஷன்
முதல் எண் 8086, இரண்டாவது 0152. ரேம் 8 ஜிபி, ஆனால் பக்கத்திலேயே ‘3.4 ஜிபிதான் பயன்படும்’ என்கிறது. சிஸ்டம் டைப்: 32-பிட் விண்டோஸ், எக்ஸ்64 பிராசசர்.

கங்சார் கம்பி
ஆள் அகப்பட்டான். 8086 இன்டெல்லின் எண், 0152 அதே எச்டி 2500. வன்பொருளில் குறை இல்லை. கடைக்காரர் 64-பிட் பிராசசரில் (எக்ஸ்64 என்பது அதுதான்) 32-பிட் விண்டோஸைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அது 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்தாது, 64-பிட் டிரைவரையும் ஏற்காது. நீங்கள் இறக்கிய கோப்பின் பெயரில் ‘வின்64’ என்று இருக்கிறதா பாருங்கள்.

லிந்தாங் டியூஷன்
ஆமாம் அண்ணே, வின்64 என்றுதான் தொடங்குகிறது. அப்போ வின்32 போட்டால் சரியாகிவிடுமா?

கங்சார் கம்பி
திரை சரியாகிவிடும். ஆனால் நான் அதைச் சொல்லமாட்டேன். 8 ஜிபிக்குக் காசு கொடுத்துவிட்டு பாதிக்கு மேல் சும்மா கிடக்கவிடுவதா? 64-பிட் விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். 32-இலிருந்து 64-க்கு மேலேயே ஏற்ற முடியாது, வட்டைத் துடைத்துத்தான் போட வேண்டும். ஆகவே பாடக் கோப்புகளை முதலில் வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். இப்போது விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதே பதிப்பைப் போடுங்கள். ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ. திரும்பச் சாவி கேட்காது.

போட்ட பிறகு இணையத்தோடு இணைத்து விண்டோஸ் அப்டேட்டை ஓட்டுங்கள். எச்டி 2500-க்கான டிரைவர் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும். வராவிட்டால் உங்கள் கையில் இருக்கும் அந்த வின்64 கோப்பே போதும்.

பழைய இரும்பு
நடுவில் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. எப்படியும் வட்டைத் துடைக்கப் போகிறார் என்றால் விண்டோஸுக்குப் பதில் இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாமே? இன்டெல் வீடியோ டிரைவர் அதன் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. இறக்குகிற, தேடுகிற வேலையே இல்லை.

கங்சார் கம்பி
நல்ல யோசனைதான் ஐயா, என் வீட்டில் அதுதான் ஓடுகிறது. ஆனால் டியூஷன் வேலைக்கு அக்கா என்ன மென்பொருள் வைத்திருக்கிறார் என்று தெரியாமல் மாற்றச் சொல்ல மனம் வரவில்லை.

லிந்தாங் டியூஷன்
கேள்வித்தாளெல்லாம் வேர்டில் இருக்கிறது ஐயா, இப்போதைக்கு விண்டோஸே இருக்கட்டும். ஆனால் 64-பிட் விண்டோஸ், அவ்வளவு பெரிய கோப்பை எப்படி இறக்குவது? தோட்டத்துப் பக்கம் லைன் ஒரு கோடுதான் காட்டுகிறது, மழை வந்தால் அதுவும் இல்லை.

செம்பனை நிழல்
அக்கா, என்னிடம் 64-பிட் விண்டோஸ் ஏற்றிய பென்டிரைவ் தயாராக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சிப்புட் பசாருக்கு வருவேன், வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் எஃப்12 அழுத்தினால் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கலாம், சில கம்ப்யூட்டரில் எஃப்9.

லிந்தாங் டியூஷன்
போட்டாகிவிட்டது! தம்பிக்கு ரொம்ப நன்றி. அப்டேட் ஓடும்போதே திரை ஒருமுறை கறுத்து, 1920×1080-க்கு வந்துவிட்டது. ரேமும் முழுசாகத் தெரிகிறது. டிவைஸ் மேனேஜரில் இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் என்றே இருக்கிறது. ஒன்றுதான் பாக்கி: பென்டிரைவில் இருக்கும் பாட வீடியோக்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன, யூடியூபில் 1080-இல் போட்டால் மட்டும் இன்னும் விசிறி இரைகிறது.

கங்சார் கம்பி
அது டிரைவர் கோளாறு இல்லை அக்கா. யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற சுருக்க வடிவில் படத்தை அனுப்பும். எச்டி 2500-க்கு எச்.264 என்ற பழைய வடிவை வன்பொருளிலேயே பிரிக்கத் தெரியும், விபி9-ஐத் தெரியாது, அது வந்தால் பிராசசர்தான் மூச்சு வாங்க வேண்டும். குரோமில் ‘எச்264ஐஃபை’ என்ற நீட்சியைப் போடுங்கள், யூடியூபை எச்.264 அனுப்ப வைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் 720-இல் வையுங்கள். பெட்டியைத் திறந்து விசிறித் தூசியையும் ஒருமுறை தட்டிவிடுங்கள், பிளக்கைப் பிடுங்கிவிட்டு.