டெபியன் ரவுட்டர்: பிங் போகிறது, சில தளங்கள் மட்டும் திறப்பதில்லை

கேள்வி:
டெபியன் 12 சர்வர், இரண்டு நெட்வொர்க் கார்டு. ஒன்றில் பிரிட்ஜ் மோடில் ஃபைபர் மோடம், அதன் மேல் பிபிபிஓஇ (இணைய நிறுவனத்தில் லாகின் ஆகும் இணைப்பு, சர்வரில் அதன் பெயர் பிபிபி0). மற்றதில் ஸ்விட்ச், 192.168.10.1. ஐபி ஃபார்வர்டிங், மாஸ்கரேட் (உள் கணினிகளை சர்வரின் முகவரியில் வெளியே அனுப்புவது) இரண்டும் உண்டு. சர்வரில் எல்லாத் தளமும் திறக்கிறது. உள்ளே உள்ள கணினிகளில் பிங், டிஎன்எஸ் சரி. சில எச்டிடிபிஎஸ் தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கின்றன. இன்னொன்று, ரீபூட் ஆனால் என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதிகள் ஏறுவதில்லை. சர்வீஸ் எனேபிள் ஆகியிருக்கிறது, கையால் ஏற்றினால் ஏறுகிறது.

பதில் 1:
முதலாவது எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) சிக்கல். ஈதர்நெட்டின் 1500 பைட்டில் பிபிபிஓஇ 8 எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. சர்வருக்கு இது தெரியும் என்பதால் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் ஹெடர் போக வாங்கிக்கொள்ளும் டேட்டா அளவு) 1452 என்று சொல்லும். உள்ளே உள்ள கணினிக்குத் தெரியாது. அது 1460 என்கிறது. எதிர்முனை 1500 பைட் பாக்கெட் அனுப்ப, அது வழியில் தொலைகிறது. "பெரிதாக இருக்கிறது" என்ற ஐசிஎம்பி செய்தியை யாரோ தடுத்திருப்பார்கள், அதனால் எதிர்முனைக்கு விஷயமே போய்ச் சேராது.

உள்ளே இருந்து, துண்டாக்கக் கூடாது என்ற கொடியுடன் பிங் அடித்துப் பாருங்கள். 1464 போய் (ஹெடரின் 28 சேர்த்தால் 1492), 1465 போகாவிட்டால் இதுதான். ஃபார்வர்ட் செயினில் (சர்வரைக் கடந்து போகும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியல்), பிபிபி0 வழியே வெளியேறும் டிசிபி சின் (இணைப்பைத் தொடங்கும்) பாக்கெட்டுகளின் மேக்ஸ்செக் சைஸை, அதாவது எம்எஸ்எஸ்-ஐ, "ஆர்டி எம்டியு" (பாதையின் எம்டியு-வைப் பார்த்து) ஆக்குங்கள். 1452 என்று எண்ணாக எழுத வேண்டாம். ஐபிவி6-க்கு 1432 வேண்டும், ஆர்டி எம்டியு இரண்டையும் தானே பார்த்துக்கொள்ளும். இந்த விதி அக்செப்ட் விதிகளுக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் பாக்கெட் அங்கே வந்தே சேராது. விதி வேலை செய்கிறதா என்று தெரிய, கூடவே ஒரு கவுண்டரும் வையுங்கள்.

பதில் 2:
ரீபூட் விஷயம்: விதிகளில் "ஐஐஎஃப் பிபிபி0" (பிபிபி0 வழியே வருவது) அல்லது "ஓஐஎஃப் பிபிபி0" (அதன் வழியே போவது) இருக்கிறதா? அவை ஏறும்போதே பெயரை இன்டெக்ஸ் எண்ணாக மாற்றிவிடும். பூட்டில் நெட்வொர்க் வருவதற்கு முன்பே விதிகள் ஏறுகின்றன, அப்போது பிபிபி0 பிறந்திருக்காது. ஒரு வரி தவறினாலும் மொத்த ஃபைலும் நிராகரிக்கப்படும். கையால் ஏற்றும்போது பிபிபி0 இருப்பதால் பிழை தெரியாது, ஏற்றாமல் சரிபார்க்கும் மைனஸ் சி சோதனையிலும் அப்படித்தான். "ஐஐஎஃப்நேம்", "ஓஐஎஃப்நேம்" என்று மாற்றுங்கள். லைன் அறுந்து திரும்ப வந்தால் இன்டெக்ஸ் மாறும். அதற்கும் இதுதான் வழி. இதை இன்றே செய்யுங்கள், இப்போது ரீபூட் ஆனால் ஃபயர்வாலே இல்லாமல் சர்வர் வெளியே நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
1464 போகிறது, 1465 போகவில்லை. விதியைச் சேர்த்ததும் தளங்கள் திறக்கின்றன, கவுண்டரும் ஏறுகிறது. பெயர்களை மாற்றி, இன்புட் பாலிசியை (சர்வருக்கே வரும் பாக்கெட்டுகளில் எந்த விதியிலும் சேராதவற்றுக்கானது) டிராப் ஆக்கப் போகிறேன். தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்யலாமா?

பதில் 2:
செய்யலாம். தற்போதைய ரூல்செட்டை ஒரு ஃபைலில் எடுத்து, முதல் வரியாக "ஃப்ளஷ் ரூல்செட்" (இருக்கும் விதிகளை அழி) சேருங்கள். சிஸ்டம்டி-ரன்னில் 180 விநாடி டைமர் போட்டு அந்த ஃபைலைத் திரும்ப ஏற்றச் சொல்லிவிட்டு, புதியதை ஏற்றுங்கள். பிறகு புதிதாக ஒரு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்து பாருங்கள். பழைய இணைப்பு எஸ்டாப்ளிஷ்டு விதியில் உயிரோடு இருக்கும், அதை நம்பக் கூடாது. உள்ளே வர முடிந்தால் டைமரை நிறுத்துங்கள்.

பதில் 1:
டிராப் போடும்போது ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாக அடைக்காதீர்கள். அதில் போகும் நெய்பர் டிஸ்கவரி (அக்கம்பக்கக் கணினிகளைக் கண்டுபிடிப்பது) நின்றால் ஐபிவி6 முழுதும் படுத்துவிடும். ஃபார்வர்ட் செயினுக்கும் டிராப் பாலிசி வேண்டும்: ஐபிவி6-இல் பொதுவாக நாட் (மாஸ்கரேட் போன்ற முகவரி மாற்றம்) போடுவதில்லை, உள்ளே உள்ள ஒவ்வொரு கணினிக்கும் வெளியிலிருந்து நேரடியாக எட்டும் முகவரி இருக்கும்.