விஞ்ஞானிகளின் வானொலி, தொலைக்காட்சி ஆவணங்கள்: ஒரு சொல் வேண்டும்

ஹட்டன், ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். உயர்தர ஊடகக் கற்கை மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரு தலைப்பு மட்டும் வழிவிட மறுக்கிறது. விஞ்ஞானிகள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பங்குபற்றியதற்குச் சான்றாக எஞ்சும் கோப்புகள்: உரைப் பிரதி, ஒப்பந்தம், தயாரிப்பாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்து. பிபிசி தன் எழுத்து ஆவணங்களுக்கென்றே இங்கிலாந்தின் காவர்ஷமில் தனி நிலையம் வைத்திருக்கிறது; இவையும் அதில் அடங்கும். 'ஒலி, ஒளிபரப்பில் விஞ்ஞானிகளின் ஈடுபாட்டு ஆவணங்கள்' என்று எழுதினேன். அட்டவணைக் கட்டத்துக்குள் அடங்கவில்லை. சொல்வதெழுதலில் கொடுத்தால் பாதிப்பேர் இரண்டு இடத்திலும் 'ஒலி' என்றே எழுதுகிறார்கள்.

பதுளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
டீச்சர், ஒலியையும் ஒளியையும் தூக்கிவிட்டு 'அலைபரப்பு' என்று வையுங்கள். பீதுருதாலகால மலையுச்சியிலிருந்து ரூபவாஹினி தொலைக்காட்சி அனுப்புவதும் அலைதானே? இன்னும் பழைய வேர் வேண்டுமென்றால் 'அறை' இருக்கிறது. மணிமேகலையின் விழாவறை காதையில் யானைப் பிடரியில் முரசை ஏற்றி ஊருக்குச் செய்தி அறைகிறார்கள். நம் தேயிலைத் தோட்டங்களில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களைக் கூட்டிக் கணக்கெடுப்பதற்கு, அடித்த தப்புப் பறையும் அந்த மரபுதான். ஆகவே 'வானறை' என்பது என் முதல் விருப்பம்.

கண்டி, நூலகர்:
மாஸ்டர், 'வானறை' என்றால் என் வாசகர்கள் மேல்மாடியில் வாடகைக்கு விடும் அறை என்று எண்ணுவார்கள். 'அலைபரப்பு' பௌதிகவியல் பாடத்துக்குள் போய்விடும். என் கவலை வேறு. 'ஒலிபரப்பு ஆவணம்' என்றதும் மாணவர் ஒலிநாடாவைத் தேடுவார். இருப்பதோ பெரும்பாலும் தாள். பிரித்தானிய வானியலாளர் பிரெட் ஹொய்ல் 1949 மார்ச் 28 அன்று பிபிசி வானொலி உரையில், தாம் ஏற்காத ஒரு கொள்கைக்குப் போகிற போக்கில் வைத்த பெயரைத்தான் நாம் 'பெருவெடிப்பு' என்கிறோம். அந்த உரை அடுத்த மாதமே பிபிசியின் வார இதழில் அச்சேறியது. அதனால்தான் அவர் எந்த வாக்கியத்தில், எந்தத் தொனியில் சொன்னார் என்று இன்றும் வாதாட முடிகிறது. மாறாக, பாட்ரிக் மூர் பிபிசி தொலைக்காட்சியில் 1957 ஏப்ரலில் தொடங்கிய வானியல் தொடரின் ஆரம்ப நிகழ்ச்சிகள் பலவற்றின் படச்சுருளே இல்லை. தாளுக்கு நம் நாட்டில் 'சுவடி' என்ற சொல் உண்டு; தேசிய சுவடிகள் திணைக்களத்தின் பெயரிலேயே இருக்கிறது.

நுவரெலியா, மொழிபெயர்ப்பாளர்:
'விஞ்ஞானி' வடசொல். 'அறிவியலாளர்' என்றே எழுதுவோம். இன்னொரு சிக்கல்: ஆர்தர் சி. கிளார்க்கை எதில் சேர்ப்பீர்கள்? 1945இல் செய்மதி வழித் தொடர்பைப் பற்றி எழுதியவர், 1956 முதல் இங்கேயே வாழ்ந்தவர், 1969இல் நிலவில் மனிதன் இறங்கியபோது அமெரிக்கத் தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னவர். ஆனால் ஆய்வுகூடத்தில் வேலை செய்த விஞ்ஞானி அல்லர், எழுத்தாளர்.

கண்டி, நூலகர்:
தம்பி, ஒட்சிசனும் ஐதரசனும் படித்து வளரும் பிள்ளைகள் இவர்கள். பாடநூலின் அட்டையில் 'விஞ்ஞானம்' என்று இருக்கிறது. கையேட்டில் மட்டும் 'அறிவியல்' என்றால் அது வேறு பாடம் என்று நினைப்பார்கள். கிளார்க்கின் கோப்பு எங்கே இருந்தாலும் அதைத் தேடுபவருக்கு அவருடைய பெயரே போதும்.

பதுளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
'சுவடி'க்கு ஆட்சேபம் இல்லை. அது 'சுவடு' என்பதிலிருந்து பிறந்தது. நடந்துபோனவரின் தடம் மண்ணில், பேசிப்போனவரின் தடம் தாளில். அடித்துச் சொல்வேன்.

நுவரெலியா, மொழிபெயர்ப்பாளர்:
அடித்துச் சொல்லலாம், ஐயா. ஆதாரம்? சுவடி என்றால் ஏடுகளைச் சேர்த்த கட்டு. கட்டுக்கும் காலடிக்கும் என்ன உறவு?

(இதன்பின் எட்டுத்தொகை, கல்வெட்டு, மலையாளத்தில் 'பறை' என்று பலவும் வந்தன. ஹட்டன் டீச்சர் இரண்டு முறை நாள் நினைவூட்டினார்.)

ஹட்டன், ஆசிரியை:
மன்னிக்கவும், அச்சகம் காத்திருக்கிறது. 'விஞ்ஞானியர் ஊடகச் சுவடிகள்' என்று கொடுத்துவிட்டேன். மூவர் சரி என்றார்கள், மற்றவர்கள் பதில் போடவில்லை. 'ஊடகம்' என்றால் பத்திரிகையும் உள்ளே வரும் என்பது தெரியும். ஆகவே கீழே ஒரு வரி: வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் தொடர்பான எழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் ஒப்பந்தங்களும்.

பதுளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்:
விளக்க வரி கேட்கும் சொல் பாதிச் சொல்தான், டீச்சர். அச்சாகட்டும். என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் 'அலைபரப்பு' என்றே சொல்லிக்கொடுப்பேன். சுவடு, சுவடி பற்றித் தனியாக ஒரு மடல் எழுதிக்கொண்டிருக்கிறேன், சற்று நீளும்.