தாபோர் மலையில் மேகத்துக்குள் நின்ற காலை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேதத்தில் மேகம் என்றாலே, வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு வழிகாட்டி முன்சென்ற தூண் போன்ற மேகமான மேகஸ்தம்பம்தான் என் நினைவுக்கு வரும். தூரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து வழி அறிந்துகொள்ளும் அடையாளமாகவே அதை எண்ணியிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு குளிர்காலக் காலையில் கலிலேயாவின் தாபோர் மலைக்குச் சென்ற பிறகு அந்த எண்ணம் மாறிவிட்டது.

இயேசு மறுரூபமான, அதாவது மூன்று சீஷர்களுக்கு முன்பாக ஒளிமயமாக மாறிய, மலையின் பெயரை சுவிசேஷங்கள் சொல்லவில்லை. அது தாபோர்தான் என்பது பழைய பாரம்பரியம். உயரம் 600 மீட்டருக்கும் குறைவுதான். வளைந்து வளைந்து ஏறும் பாதையில் எங்கள் வண்டி பாதி தூரம் செல்வதற்குள் மேகம் இறங்கிவிட்டது. உச்சியில், 1924இல் கட்டி முடிக்கப்பட்ட ஆலயத்தின் இரு கோபுரங்களும் கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னால் நடந்த அம்மாவின் வெள்ளைச் சேலை பத்தடியில் கரைந்துபோயிற்று. என் வேதாகமத்தின் ஓரங்கள் நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அந்த நிலையில் எங்கள் போதகர் லூக்கா 9ஆம் அதிகாரத்தை வாசித்தார்: "அவர்கள் மேகத்துக்குள் பிரவேசிக்கையில் சீஷர்கள் பயந்தார்கள்."

எத்தனையோ முறை வாசித்த வசனம்தான். ஆனால் "மேகத்துக்குள்" என்ற சொல் அன்றுதான் என்னைத் தொட்டது. வனாந்தரத்தில் ஜனங்கள் தேவனை ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தை மேகம் மூடியபோது மோசேயாலேயே அதற்குள் பிரவேசிக்க முடியவில்லை. சாலொமோனின் ஆலயத்தை மேகம் நிரப்பியபோது ஆசாரியர்களால் நின்று ஊழியம் செய்ய முடியவில்லை. அப்படிப்பட்ட மகிமைக்குள், மூன்று கூடாரங்கள் போடுவோம் என்று இன்னதென்று அறியாமல் பேசிக்கொண்டிருந்த பேதுருவும் அவரோடிருந்த இருவரும், மீன்பிடித்துப் பிழைத்த சாதாரண மனிதர்கள், சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். பேதுரு போட நினைத்த கூடாரத்துக்குப் பதிலாகத் தேவனே மேகத்தைக் கூடாரமாக விரித்தார் என்றே நான் அதை வாசிக்கிறேன். உள்ளே அவர்களுக்குக் கிடைத்தது காட்சி அல்ல. "இவருக்குச் செவிகொடுங்கள்" என்ற சத்தம்.

---

தாபோர் அனுபவத்தை எழுதிய ஐயாவுக்கு நன்றி. நான் எந்த மலைக்கும் சென்றதில்லை; எனக்கு மேகம் என்றால் வேதாகமத்தின் எண்ணாகமம் 9ஆம் அதிகாரம்தான். பக்கவாதத்தால் அப்பா பதினொரு மாதங்கள் படுக்கையில் இருந்தபோது, இரவுதோறும் அந்தப் பகுதியை வாசிக்கச் சொல்வார். ஆசரிப்புக் கூடாரத்தின்மேல் மேகம் இரண்டு நாள் தங்கினாலும், ஒரு மாதம் தங்கினாலும், ஒரு வருஷம் தங்கினாலும் ஜனங்கள் புறப்படாமல் பாளயமிறங்கியிருந்தார்கள் என்றும், அது எழும்பியபோதே பிரயாணப்பட்டார்கள் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. எவ்வளவு காலம் தங்கும் என்று முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. மேகம் மேலே இருந்தவரை கர்த்தர் நடுவில் இருந்தார் என்பது மட்டும் தெரியும். "ஒரு வருஷமாவது" என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் அப்பா, அசையக்கூடிய இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, அதையே மறுபடி வாசிக்கும்படி கண்ணால் கேட்பார்.