வெள்ளத்தில் ஆலை எண்ணெய் வெளியேறினால் இழப்பீடு யார் தலையில்?

கழிமுகம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இப்படிப்பட்ட விபத்துகளில் ஆலை ‘இயற்கைச் சீற்றம்’ என்று கையை விரிக்க முடியுமா?

வழக்குக்கட்டு: முடியாது. டெல்லி ஓலியம் (அடர் கந்தக அமில) வாயுக் கசிவு வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. ஆபத்தான தொழில் நடத்துபவருக்கு முழுப் பொறுப்பு, விதிவிலக்கே இல்லை. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010 சட்டத்தின் பிரிவு 17-ம் விபத்து என்றால் தவறை நிரூபிக்கச் சொல்லாது. ஆனால் எண்ணெய் அந்த ஆலையுடையதுதான் என்று காட்டியாக வேண்டும். பெரும்பாலான மனுக்கள் சறுக்குவது அங்கேதான்.

ஆய்வகம்: மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்காதீர்கள். எண்ணெய் அதன் சுவரில் ஒட்டும், பிளாஸ்டிக்கிலிருந்தும் பொருள்கள் கசியும். கண்ணாடிக் குப்பி, முத்திரை, தேதி, இடம், சாட்சி கையெழுத்து, பிறகு ஐஸ் பெட்டி. ஆலையின் எண்ணெயோடு கேஸ் குரோமட்டோகிராபியில் (எண்ணெயின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் சோதனை) ஒப்பிட்டால் எங்கிருந்து வந்தது என்று தெரியும். நாள் கடந்தால் லேசான பகுதி ஆவியாகி ஒப்பீடு சிக்கலாகும்.

கழிமுகம்: அக்கம்பக்கத்தில் பல ஆலைகள் இருந்தால்?

வழக்குக்கட்டு: பிரிவு 17(2)-இன்படி தீர்ப்பாயம் நியாயமாகப் பங்கு பிரிக்கும். மனுவுக்கு 5 ஆண்டு அவகாசம். கட்டணம் கோரும் தொகையில் 1%, குறைந்தது 1,000 ரூபாய். மீனவர்கள் என்றால் வலை, இன்ஜின், வருமான இழப்பைத் தனித்தனியாகக் கேளுங்கள். ‘சுற்றுச்சூழல் சேதம்’ என்று மொத்தமாகக் கேட்டால், பிரிவு 24-இன்படி அந்தப் பணம் சுற்றுச்சூழல் நிவாரண நிதிக்குப் போய்விடும், மீனவர் கைக்கு வராது.